பழைய கணினியில் ஃபால்அவுட் லண்டன்: தரவிறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஃபால்அவுட் லண்டன் மோட் (ஏற்கனவே உள்ள ஒரு கணினி விளையாட்டின் மேல் ரசிகர்கள் கட்டும் சேர்க்கை) இலவசம்தான். அதை என் பழைய கணினியில் ஓட வைக்க எனக்கு 13,400 ரூபாய் ஆனது. அதில் உருப்படியாகப் பயன்பட்டது 3,800 ரூபாய். மீதி 9,600 ரூபாயும், அதைவிட அதிகமாகத் தூக்கம் கெட்ட இரவுகளும் எங்கே போயின என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது மாதிரியான பத்து வருடப் பெட்டியை வைத்துக்கொண்டு, "ஓடுமா, ஓடாதா, இறக்கலாமா?" என்று நிறைய பேர் யோசித்துக்கொண்டிருப்பார்கள். நான் யோசித்தபோது கிடைத்த பதில்கள் இரண்டே வகை. "எனக்கு அருமையாக ஓடுகிறது" என்பவரிடம் புதிய கணினி இருந்தது. "ஓடவே ஓடாது" என்பவர் அதை இறக்கியே பார்க்கவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 2015-இல் வந்த ஃபால்அவுட் 4 விளையாட்டின் மேல் டீம் ஃபோலான் என்ற ரசிகர் குழு கட்டிய தனி உலகம் இது. 2024 ஜூலை 25 அன்று, கணினி விளையாட்டுகள் விற்கும் ஜிஓஜி தளத்தில் இலவசமாக வந்தது. மோட் என்றால் துப்பாக்கி நாலு, சட்டை ரெண்டு என்று நினைக்க வேண்டாம். புதிய வரைபடம், புதிய கதை, புதிய ஆட்கள், குரல் நடிப்பு என எல்லாமே புதிது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சபாநாயகராக இருந்த ஜான் பெர்கோகூடக் குரல் கொடுத்திருக்கிறார். கதை நடப்பது 2237-இல், அணுகுண்டுப் போர் முடிந்து 160 ஆண்டுகள் கழித்து. தேம்ஸ் நதி, வெஸ்ட்மின்ஸ்டர், கேம்டன் எல்லாம் இடிந்து கிடக்கும் லண்டன். ஃபால்அவுட் 4-ஐ மாய்ந்து மாய்ந்து விளையாடிய எனக்கு, முன்னோட்டத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

என் பெட்டியில் இருந்தது ஐ5-4460 செயலி, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1 டெராபைட் ஹார்டு டிஸ்க். ஃபால்அவுட் 4-க்கு, அதை உருவாக்கிய பெதஸ்டா நிறுவனம் சொன்ன குறைந்தபட்சத் தேவை ஐ5-2300, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 550 டிஐ. எனவே காகிதத்தில் நான் குறைந்தபட்சத்தைத் தாண்டி வசதியாகவே நின்றேன். ஆனால் அந்தப் பட்டியல் அடிப்படை விளையாட்டுக்குப் போட்டது. மோட் ஓடுவது அதே பழைய எஞ்சினில்தான் (விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்), ஆனால் அந்த எஞ்சின் மேல் ஏற்றியிருக்கும் பாரம் அதிகம். நெருக்கமான தெருக்கள், உயரமான கட்டடங்கள், மூலைக்கு மூலை ஆட்கள். ஆகவே பெரிய மோட் எதற்கும், அடிப்படை விளையாட்டின் 'குறைந்தபட்சம்' பக்கம் பார்க்காதீர்கள். 'பரிந்துரை' என்று போட்டிருப்பதைத்தான் உங்கள் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபால்அவுட் 4-க்கு அது ஐ7-4790, ஜிடிஎக்ஸ் 780. அந்தக் கோட்டுக்கு நான் கீழே இருந்தேன்.

இறக்குவதே ஒரு தனிப் படலம். மோட் மட்டும் 30 ஜிபிக்கு மேல். இதற்கு முன் ஃபால்அவுட் 4-உம் அதன் எல்லா கூடுதல் பகுதிகளும் உங்களிடம் இருக்க வேண்டும், அது ஏறக்குறைய அதே அளவு. அப்புறம் பதிப்புச் சிக்கல். இந்த மோட் முதலில் 2024 ஏப்ரல் 23 அன்று வருவதாக இருந்தது. அதே வாரம், ஏப்ரல் 25 அன்று, பெதஸ்டா ஃபால்அவுட் 4-க்கு ஒரு பெரிய அப்டேட் விட்டது. மோட் கட்டப்பட்டதோ பழைய 1.10.163 பதிப்பின் மேல். அதனால் வெளியீடு தள்ளிப்போனது, நாமும் விளையாட்டைப் பழைய பதிப்புக்கு இறக்கிக்கொள்ள வேண்டிவந்தது. ஜிஓஜியில் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. என்னைப் போல ஸ்டீம் என்ற இன்னொரு விற்பனைத் தளத்தில் வைத்திருப்பவர்கள் அதற்கான கருவியை ஓட்ட வேண்டும், அது பழைய கோப்புகளை மறுபடி இறக்கும். அதாவது இன்னும் கொஞ்சம் டேட்டா. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது. பிராட்பேண்ட் உள்ள நண்பர் வீட்டுக்கு ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள், நான் அதைத்தான் செய்தேன். 100 ஜிபி காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். பெதஸ்டா தனியாகக் கொடுக்கும் 58 ஜிபி உயர்தரப் படத் தொகுப்பு உங்கள் கணினியில் இருந்தால் முதலில் அதைத் தூக்கிவிடுங்கள். பழைய கார்டுக்கு அது எமன். விளையாட்டைப் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் வைக்காமல் வேறு இடத்தில் வைத்தால், அனுமதி இல்லை என்று விண்டோஸ் மல்லுக்கு நிற்பதும் இருக்காது.

எல்லாம் முடிந்து முதல் தடவை திறந்தபோது உண்மையிலேயே குதித்தேன். ஆய்வுக்கூடம் ஒன்றில் கதை தொடங்குகிறது. சுவர்களுக்கு உள்ளேயே நடப்பதால் ஃப்ரேம் (திரையில் ஒரு நொடிக்கு மாறும் படங்களின் எண்ணிக்கை) 45, 50 என்று ஓடியது. "சும்மா பயமுறுத்தியிருக்கிறார்கள்" என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தொடக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். வெளியே வந்து லண்டன் தெரு கண்ணில் பட்டதும் 20-க்கு விழுந்தது. கட்டடங்கள் அடர்ந்த பக்கம் திரும்பினால் 16, 17. நடக்கும்போது திடீரென்று உறைந்து நிற்கும், பிறகு ஒரு குலுக்கலோடு நகரும். யாராவது சுட்டால் திரும்பிப் பார்ப்பதற்குள் செத்திருப்பேன். ஒரு கதவைத் திறந்து உள்ளே போனால் லோடிங் திரையில் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். எரிச்சல் ஒரு பக்கம், ஆற்றாமை ஒரு பக்கம். யூடியூபில் சின்னப் பையன்கள் எல்லாம் புதிய ஆர்டிஎக்ஸ் கார்டில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது வயிறு எரிந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

அடுத்ததாக எங்கள் ஊர் கடை ஒன்றில் கேட்டேன். "தம்பி, இந்த 750 டிஐ எல்லாம் இப்ப எதுக்கு ஆகும்? கார்டு மாத்துங்க, பறக்கும்" என்றார் கடைக்காரர். பழைய ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி, 7,000 ரூபாய். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டப் போனால் அதற்குத் தனியாக மின் இணைப்பு வேண்டும் என்று தெரிந்தது. 750 டிஐ 60 வாட்தான் குடிக்கும், மதர்போர்டு வழியாக வரும் மின்சாரமே அதற்குப் போதும். 1060-க்கு 120 வாட், ஆறு முனை ஒயர் தேவை. என் பழைய பவர் சப்ளையில் அந்த ஒயரே கிடையாது. அதற்கு 2,600. கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை. கார்டு விலை பேசும்போதே "என் பவர் சப்ளை இது, தாங்குமா?" என்று கேட்டுவிடுங்கள். கார்டு மலிவாகக் கிடைத்ததே என்ற சந்தோஷமெல்லாம் அந்த இடத்தில்தான் போகும். "இந்தப் பெட்டிக்கு இன்னும் எவ்வளவுதான்டா கொட்டுவ?" என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவினேன்.

மாட்டி ஓட்டினேன். அதே தெரு, அதே இடம். 20 ஃப்ரேம் இருந்தது 22 ஆகியிருந்தது. ஏழாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஃப்ரேம்! பிறகுதான் ஆப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, திரையின் ஓரத்தில் எண்களை ஓடவிட்டுப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டு 40 சதவீதம்தான் வேலை செய்துகொண்டிருந்தது, மீதி நேரம் சும்மா காத்திருந்தது. செயலிக்குள் வேலையைப் பங்கிட்டுச் செய்யும் நான்கு கோர்களில் ஒன்று மட்டும் 100-ஐத் தொட்டுக்கொண்டே நின்றது. இந்த எஞ்சினில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு சுவரையும் ஜன்னலையும் குப்பைத்தொட்டியையும் "இதை வரை, அடுத்து இதை வரை" என்று செயலி கார்டுக்குச் சொல்ல வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி ஒரே கோரின் தலையில் விழுகிறது. கல்யாணப் பந்தியில் பரிமாற ஒரே ஆள் இருந்தால், அடுக்களையில் எத்தனை சமையல்காரர் இருந்து என்ன? நகரத் தெருவில் பொருட்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அந்த ஒரு ஆள் திணறிப்போகிறார்.

ஆகவே பணம் எடுக்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள், செலவில்லாதது. ஃப்ரேம் குறையும் இடத்தில் நின்று கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். 95-க்கு மேல் இருந்தால் கார்டுதான் தடை, மாற்றினால் பலன் உண்டு. 60, 70-க்குக் கீழே இருந்தால் தடை செயலியில், எவ்வளவு பெரிய கார்டு வாங்கினாலும் அந்த இடத்தில் மாற்றம் வராது. விண்டோஸ் காட்டும் மொத்த செயலி சதவீதத்தை நம்பி உட்கார வேண்டாம். ஒரு கோர் மூச்சுத் திணறும்போதும் மொத்தக் கணக்கு 50, 60 என்று சாதுவாகத்தான் காட்டும். கோர் வாரியாகப் பாருங்கள். நியாயமாகச் சொன்னால் கார்டு முழுக்க வீண் இல்லை. 2 ஜிபி நினைவகத்தில் பொம்மைகளும் சுவர்களும் மங்கலாகவே நின்ற இடங்கள் 6 ஜிபியில் தெளிந்தன. ஆனால் நான் காசு கொடுத்தது தெளிவுக்கு இல்லை, வேகத்துக்கு.

அந்தத் தெளிவும் நிலைக்கவில்லை. சில வாரங்களிலேயே திரையில் பச்சைப் புள்ளிகள், பிறகு கோடுகள். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் "இது செக்கிங் வாரண்டிதான் தம்பி, வாங்கும்போது ஓடுச்சுல்ல?" என்றார். பழைய பொருள் வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும், செக்கிங் வாரண்டி என்றால் கடையிலேயே ஓட்டிக் காட்டுவதோடு முடிந்தது. அதை மாற்ற முடியாது, ஆனால் ஓட்டிக் காட்டும் நேரத்தை நாம் நீட்டலாம். டெஸ்க்டாப் படம் வருவதைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். சூடேற்றும் சோதனை மென்பொருள் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய், அரை மணி நேரமாவது கடையிலேயே ஓட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். நான் மறுபடி 750 டிஐ-க்கே திரும்பினேன். 2,600 ரூபாய் பவர் சப்ளை அதற்குத் தேவையே இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

கையைக் கடிக்காமல் உதவியவை இரண்டு. முதலாவது 2,900 ரூபாய்க்கு வாங்கிய 480 ஜிபி எஸ்எஸ்டி. சராசரி ஃப்ரேம் ஒன்றும் ஏறவில்லை, ஆனால் அந்த உறைந்து நிற்கும் குலுக்கல் ஏறக்குறையப் போய்விட்டது. திறந்த உலகத்தில் நீங்கள் நடக்க நடக்க அடுத்த பகுதியை டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு அந்த வேகம் இல்லை. 20 ஃப்ரேம் சீராக வருவது, 30-க்கும் 5-க்கும் நடுவே தாவுவதைவிட எவ்வளவோ மேல். இரண்டாவது, இன்னொரு 8 ஜிபி ரேம், பழையது, 900 ரூபாய். டிடிஆர்3 பழைய வகை என்பதால் சல்லிசாகக் கிடைத்தது. மதர்போர்டில் இரண்டாவது இடம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் திறந்து பார்த்துவிட்டுப் போங்கள். ரேம் வாங்க வழியில்லை என்றால், விண்டோஸின் பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது அது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) எஸ்எஸ்டியில் 20 ஜிபி அளவுக்கு ஒதுக்குங்கள். திடீரென்று டெஸ்க்டாப்புக்குத் தூக்கி எறிவது கணிசமாகக் குறையும்.

லோடிங் நேரத்தைப் பற்றி ஒரு விசித்திரம். ஃபால்அவுட் 4-இல் லோடிங் வேகம் ஃப்ரேம் எண்ணிக்கையோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. ஃப்ரேமை 30-க்கு மேல் போகாமல் கட்டினால் லோடிங்கும் சேர்ந்து இழுக்கும். ஹை எஃப்பிஎஸ் ஃபிசிக்ஸ் ஃபிக்ஸ் என்ற சின்ன மோட் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. பெயரைப் பார்த்து இது வேகமான கணினிக்கு என்று நான் ஒதுக்கி வைத்திருந்தேன். உண்மையில் மெதுவான கணினிக்காரர்களுக்குத்தான் இது வரம். மற்ற மோட்கள் ஓடத் துணை செய்யும் எஃப்4எஸ்இ, நின்றுபோவதைக் குறைக்கும் பஃபௌட் 4 இரண்டும்கூட வேண்டும். எதை எடுத்தாலும் 1.10.163-க்கான பதிப்பா என்று பார்த்து எடுங்கள்.

செட்டிங்ஸில் எல்லாவற்றையும் 'குறைவு' என்று தள்ளினால் படம் அசிங்கமாகும், வேகம் அப்படியே இருக்கும். செயலிக்கு வலிக்கும் இடம் எது என்று பார்த்துக் குறைக்க வேண்டும். முதல் குற்றவாளி நிழல் தூரம். நிழல் விழ வேண்டும் என்றால் அந்தப் பொருளை இன்னொரு முறை வரையச் சொல்ல வேண்டும், ஆக செயலிக்கு இரட்டை வேலை. விளையாட்டின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக இருக்கும் இதன் எண் அதிஉச்ச அமைப்பில் 20,000, உயர்வில் 14,000, நடுத்தரத்தில் 3,000. நான் 3,000-இல் வைத்ததும் தெருவில் 20 இருந்தது 27, 28 ஆனது. ஏழாயிரம் ரூபாய் கார்டு செய்யாததை ஒரு வரி செய்தது! காட் ரேஸ் என்னும் ஒளிக்கற்றையை அணைத்துவிடுங்கள். தூரத்துப் பொருள், ஆட்கள் தெரியும் தூரத்தைப் பாதியாக்குங்கள். டெக்ஸ்ச்சர் என்னும் பொருட்களின் மேற்பரப்புப் படத் தரத்தை மட்டும் கார்டின் நினைவகம் தாங்கும் அளவுக்கு விட்டுவையுங்கள், அதைக் குறைத்தால் செயலிக்கு ஒரு லாபமும் இல்லை. இதற்கு மேல் அழகுபடுத்தும் மோட்கள், மரம் கூட்டும் மோட்கள், எல்லாக் குப்பையையும் அள்ளவிடும் மோட்கள் வேண்டவே வேண்டாம். இந்த எஞ்சின் அசையாத பொருட்களை முன்கூட்டியே ஒன்றாகச் சேர்த்து வைத்துத்தான் மூச்சு விடுகிறது. அந்த மோட்களில் பல இந்தச் சேர்க்கையை உடைத்துவிடும், ஃப்ரேம் பாதாளத்துக்குப் போகும்.

சேவ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. வெளிவந்த புதிதில் இந்த மோட் அடிக்கடி நின்றுபோனது, பிறகு திருத்தங்கள் வந்தன. ஆனாலும் பழைய கணினியில் நிற்கத்தான் செய்யும். தானாக விழும் சேவ்-ஐ நம்பாமல் கையால் தனித்தனி சேவ் போடுங்கள். ஒரே கோப்பின் மேல் மறுபடி மறுபடி எழுதி, அது கெட்டுப்போய், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

சரி, இறக்கலாமா வேண்டாமா? 30 ஜிபி இறக்கும் முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அடிப்படை ஃபால்அவுட் 4-இல் பாஸ்டன் நகரின் நடுப்பகுதிக்கு, ஃபேனுவல் ஹால், கூட்நெய்பர் பக்கம் போய் நில்லுங்கள். விளையாட்டிலேயே ஃப்ரேம் அதிகம் அடிவாங்கும் இடம் அது. மேலே சொன்ன செட்டிங்ஸோடு அங்கே 40 வந்தால், தைரியமாக லண்டனுக்குப் போகலாம். 30 வந்தால், பொறுமை உள்ளவர்கள் போகலாம், தெருச் சண்டையில் கொஞ்சம் அடிவாங்குவீர்கள். 25-க்குக் கீழே என்றால் டேட்டாவை மிச்சப்படுத்துங்கள். ஃபால்அவுட் 4-ஐயே இனிமேல்தான் வாங்க வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று: ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஊர் சுற்றாமல் நேரே பாஸ்டனுக்கு ஓடினால் அந்த 2 மணி நேரம் சோதனைக்குப் போதும்.

செயலியை மாற்றலாமே என்று கேட்பீர்கள். என் மதர்போர்டில் ஐ7-4790 உட்காரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ஐ5 உச்சத்தில் 3.4 கிகாஹெர்ட்ஸ், அது 4.0. ஒற்றைக் கோரை நம்பி ஓடும் இடத்தில் பதினெட்டு சதவீதம்போலத்தான் ஏறும், அதாவது 28 இருந்தது 33 ஆகலாம். பழையது மலிவாகக் கைக்கு வந்தால் யோசிப்பேன், தேடிப் போய் வாங்க மாட்டேன்.

எந்த வகையிலும் எட்டவில்லை என்றால், லண்டன் ஒன்றே உலகம் இல்லை. பெதஸ்டாவின் இன்னொரு விளையாட்டான ஸ்கைரிமின் மேல் ஜெர்மானியக் குழு கட்டிய எண்டெரால் இருக்கிறது, ஸ்கைரிம் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டீமிலேயே இலவசம். 2011 விளையாட்டின் மேல் நிற்கும் அதன் பழைய பதிப்பு என் பெட்டியில் நோகாமல் ஓடியது. அதைவிட எளிய கணினி என்றால் போலந்துக் குழு 2021-இல் வெளியிட்ட ஆர்க்கோலோஸ். 2002-இல் வந்த காதிக் 2-இன் மேல் கட்டியது, காதிக் 2-இன் கோல்ட் பதிப்பு (கூடுதல் பகுதியும் சேர்ந்தது) மட்டும் வாங்கினால் போதும். நான் இப்போது லண்டனை 30 ஃப்ரேமில் கட்டி, நிழலைக் குறைத்து, வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் சண்டை வந்தால் ஏதாவது கட்டடத்துக்குள் ஓடி நின்று சுடுகிறேன். உள்ளே ஃப்ரேம் நன்றாக வருகிறது.